ஐஸ் பெக்டரி அமோனியா: "எங்களுக்குப் பழகிட்டு" என்பவர்களுக்கு

போன மாதமும் ஒரு பொடியன். ஐஸ் மெஷினில் எண்ணெய் இறக்கப் போய், மெஷினைக் குளிராக்குகிற அமோனியா முகத்தில் அடித்திருக்கிறது, ஒரு கண்ணில் பார்வை முழுசாகத் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற முதலாளிமார் எல்லாரும் "அது அவங்கட பெக்டரி, எங்கட அப்படியில்ல" என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் ஐஸ் மெஷின் பழுதுபார்க்கிறதுதான் என் தொழில், அதனால் சொல்கிறேன், எங்கட அப்படியில்ல என்று சொல்லக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. விபத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டபோதும் முதல் கேள்வி மெஷின் எப்போது திரும்ப ஓடும் என்பதுதான். மீன் படுகிற காலம், ஐஸ் இல்லாவிட்டால் லொறிகள் நிற்கும். விளங்குகிறது. ஆனாலும்.

எனக்கு மிகவும் எரிச்சல் வருகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மெஷின் அறைக்குள் நான் கால் வைத்தவுடன் கண் எரியும், தொண்டை அடைக்கும். அங்கேயே வருஷக்கணக்காக வேலை செய்கிற அண்ணன் பனியனோடு நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டு, "என்ன தம்பி, புது ஆள் மாதிரி இருமுறீங்க, எங்களுக்கு இது பழகிட்டு" என்பார். சிரிப்பு வேறு. பக்கத்தில் நிற்கிற பொடியன்களும் சிரிப்பார்கள், அடுத்த வருஷம் அவர்களும் இதையே சொல்வார்கள்.

பழகினது மூக்கு மட்டும்தான். கருவாட்டு வாடியில் இருக்கிறவருக்குக் கருவாட்டு மணம் தெரியாது, அதே கதை. கருவாட்டு மணத்தால் யாருக்கும் நுரையீரல் வேகாது என்பதுதான் வித்தியாசம். புதிதாக வருகிற ஆளின் மூக்கு, காற்றில் பத்து இலட்சத்தில் 5 பங்கு அமோனியா இருந்தாலே பெரும்பாலும் பிடித்துவிடும். எட்டு மணிநேர வேலைக்குப் பொதுவாக வைத்திருக்கிற எல்லை 25 பங்கு. 300 பங்கு என்றால் உயிருக்கே ஆபத்து, அந்த இடத்தில் நிற்கவே கூடாது. பழகின மூக்குக்கு 10க்கும் 50க்கும் வித்தியாசம் தெரியாது. தெரியவேண்டிய நேரத்தில் தெரியாமல் போகிற மூக்கை வைத்துக்கொண்டு "மணந்தா ஓடிருவோம்" என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

இன்னொன்று. ஒழுங்காக இருக்கிற அமோனியா மெஷின் மணக்காது. அறை மணக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது, அவ்வளவுதான். பழகிவிட்டது என்று ஒருவர் சொல்கிறார் என்றால் கசிவு நாள்பட்டது, யாரும் தேடவில்லை என்பதைத்தான் சொல்கிறார். தேடுவதும் பெரிய வித்தை இல்லை. பழைய மெக்கானிக்மார் கந்தகக் குச்சியைக் கொளுத்தி மூட்டுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள், கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை எழும்பும். நெருப்போடு வேலை வேண்டாம் என்றால் ஈரமாக்கிய லிட்மஸ் தாள் போதும், சிவப்பு நீலமாகும். ஐஸ் அச்சுகள் நிற்கிற உப்புத்தண்ணித் தொட்டிக்குள் கிடக்கிற குழாய் ஓட்டையானால் மணம் வெளியே வரவே வராது, அமோனியா அப்படியே தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் அந்தத் தண்ணீரையும் இடைக்கிடை சோதிக்க வேண்டும். (வால்வு பழுதானால் கையில் கிடைத்த பித்தளை வால்வைப் பூட்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். இரும்புதான். மலிவு பார்க்கிற இடம் இது இல்லை.)

இப்போது எண்ணெய் இறக்கும் வேலை. இந்தத் தொழிலில் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். கம்ப்ரெசருக்கு விடுகிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போகும், திரவ அமோனியாவை விட அது பாரம், அடியில் போய்த் தங்கும், அதை இடைக்கிடை எடுக்க வேண்டும். குளிரில் எண்ணெய் கட்டியாகி வால்வுக்குள் அடைத்துக்கொள்ளும். வரவில்லையே என்று பொடியன் இன்னும் கொஞ்சம் திறப்பான், பிறகும் கொஞ்சம் திறப்பான், குனிந்து பார்ப்பான். அடைப்பு விடுகிற நேரம் எண்ணெயோடு சேர்ந்து அமோனியாவும் முகத்துக்கு நேரே வரும். ஆகவே அந்தப் பகுதியை முதலில் அடைத்து அழுத்தத்தை இறக்குங்கள். கையை விட்டால் தானாக மூடுகிற ஸ்பிரிங் வால்வு ஒன்று பூட்டுங்கள். காற்றுப் புகாத கண்ணாடி, நீளமான இறப்பர் கையுறை, அமோனியாவுக்கான பச்சை நிற வடிகட்டி போட்ட முகமூடி, மூன்றும் இல்லாமல் அந்த வால்வைத் தொடவே வேண்டாம். கொரோனா காலத்தில் மிச்சமான மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

பெரிய கசிவு வந்தால் என்ன செய்வது? ஓடுங்கள். ஆனால் காற்றைப் பார்த்து ஓடுங்கள், காற்றுக்குக் குறுக்காக, பிறகு காற்று வருகிற பக்கமாக. நம்முடைய பெக்டரிகள் பல கடற்கரையோடு இருக்கின்றன. பகலில் கடற்காற்று வாயுவைக் குடியிருப்புப் பக்கம் தள்ளும், தரைப் பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாளில் கடல் பக்கம் போகும். கூரையில் ஒரு கம்பு நட்டு பழைய சாரத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் போதும், எந்தப் பக்கம் ஓடுவது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமோனியா காற்றை விட இலேசு, மேலே போய்விடும், அதனால் தரையோடு படுத்தால் தப்பலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். படிக்காதவர்கள் இல்லை, படித்தவர்கள்தான் சொல்கிறார்கள். திரவமாகக் கசியும்போது அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து குளிர்ந்த வெள்ளை மூட்டமாகத் தரையோடு தவழும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாயக் கூடாது. சொல்ல மனம் வராத புத்திமதிதான், உள்ளே கிடப்பது தம்பியாக இருந்தால் யார் நிற்பார்? ஆனால் 2018 ஏப்ரலில் ஹொறணைப் பக்கம் ஓர் இறப்பர் தொழிற்சாலையில் அமோனியாத் தொட்டிக்குள் விழுந்த ஒருவரைத் தொடர்ந்து காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். காற்றுச் சிலிண்டர் போட்ட ஆள்தான் உள்ளே போகலாம். வடிகட்டி முகமூடி சின்னக் கசிவுக்கு மட்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது, அவர்களின் நம்பரும் அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119 இரண்டும் மெஷின் அறைக்கு வெளியே, வாசலுக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். மெஷினை நிறுத்துகிற சுவிட்சும் வெளியேதான். உள்ளே லைட்டைக்கூடத் தட்ட வேண்டாம், காற்றில் 15 முதல் 28 வீதம் வரை அமோனியா இருந்தால் அது தீப்பிடிக்கும்.

காற்றில் நிற்கிற மூட்டத்துக்குத் தண்ணீரைத் தூவலாம், அமோனியா கரையும். தரையில் தேங்கிக் கிடக்கிற திரவத்தின் மேல் மட்டும் ஊற்றாதீர்கள், அது கொதித்து இன்னும் கிளம்பும். கழுவின தண்ணீரை வாவிக்கோ கிணற்றுப் பக்கமோ விடவும் கூடாது, மீன் செத்து மிதக்கும், பிறகு ஐஸ் யாருக்கு விற்பீர்கள்?

ஆளில் பட்டால் தண்ணீர். வேறொன்றும் இல்லை, தண்ணீர். போன மாதத்துப் பொடியனுக்குக் கண்ணில் பட்டவுடன் பக்கத்தில் நின்ற ஒருவர் தேசிக்காய் தேடி ஓடியிருக்கிறார், காரத்துக்கு அமிலம் மருந்தாம். வெந்துபோன கண்ணில் புளியை விட்டால் அந்தக் கண் என்னவாகும் என்று யோசிக்க விஞ்ஞானம் தேவையா? அமோனியா நிற்காமல் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும், நீங்கள் தேசிக்காய் தேடுகிற அந்த இரண்டு நிமிஷத்தில்தான் கண் போகிறது. இமையை விரலால் விரித்துப் பிடித்து, ஓடுகிற சுத்தமான தண்ணீரில், அவர் எவ்வளவு கத்தினாலும் அரை மணிநேரம் விடுங்கள். அம்புலன்சுக்குள்ளும் போத்தல் தண்ணீரால் தொடர்ந்து ஊற்றுங்கள். உடம்பில் என்றால் உடுப்பைக் கழற்றிவிட்டுக் குறைந்தது 15 நிமிஷம். திரவம் பட்டு உடுப்பு தோலோடு உறைந்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தண்ணீரால் நனைத்து இளகிய பிறகு கழற்றுங்கள். தேங்காய் எண்ணெய், பற்பசை, பால் எதுவும் வேண்டாம்.

மூச்சில் போனவர் கொஞ்ச நேரத்தில் "சரி, சுகமாயிட்டு" என்று வீட்டுக்குப் போகப் பார்ப்பார். விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணிநேரம் கழித்தும் வரும். ஆஸ்பத்திரியில் அமோனியா என்று பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள், "கேஸ் அடிச்சிட்டு" என்று சொன்னால் அவர்களுக்கு என்ன விளங்கும், சமையல் கேஸா, கூலிங் கேஸா?

முதலாளிமாருக்கு, கோபிக்காமல் கேளுங்கள் காக்கா, அண்ணன். மெஷின் அறை வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய், அதில் நீளமான ஹோஸ், மேலே எப்போதும் நிரம்பிய டாங்கி. இது ஒரு லொறி ஐஸ் விற்கிற காசுகூட ஆகாது. இரவில் ஒரே ஒரு பொடியனை விட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகிற வழக்கத்தை விடுங்கள். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்றால், தயவுசெய்து, எண்ணெய் இறக்குவதையும் வால்வு கழற்றுவதையுமாவது பகலில் ஆட்கள் நிற்கிற நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.