மாஸ்க்கைப் பீரோவில் வைத்துவிட்டவர்களுக்கு

சொத்தைப் பல்லை அடைக்க வருபவராக இருந்தாலும் நாக்கின் ஓரத்தை ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். சிலருக்கு அந்த ஓரம் முழுக்கப் பல் பதிந்த தடம் இருக்கும். கடைவாய்ப் பற்கள் இரவில் நறநறவென்று கடித்துத் தேய்ந்திருக்கும். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் உள்நாக்கே கண்ணில் படாது. இவற்றை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது. ஆனால் கேட்டுப் பார்க்கலாம். "ராத்திரி குறட்டை உண்டா?" என்பேன். பெரும்பாலும் பதில் சொல்வது கூட வந்த மனைவிதான். "குறட்டைகூடப் பரவாயில்லைங்க டாக்டர், நடுவுல மூச்சே நின்னுபோகுது. பயந்துபோய்த் தட்டி எழுப்புவேன்."

தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். அதற்கான டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டால் அடுத்து வரும் பதில் எனக்குப் பழகிப்போனது. "அதெல்லாம் எடுத்தாச்சுங்க. மெஷினும் வாங்கினோம். மாஸ்க்கைப் போட்டா மூச்சு முட்டுதுன்னு கழட்டிடுறாரு. பீரோவுல கிடக்கு."

இந்தப் பதிலைச் சொல்லும் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் அந்த மெஷின் ஒத்துவரவில்லை என்பதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. இரவில் பல்லில் மாட்டிக்கொண்டு தூங்கும் ஒரு கருவி இருக்கிறது. அது எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் பொருந்துகிறவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

முதலில் தொண்டையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தூங்கும்போது தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்குகின்றன. குறுகிய பாதையில் காற்று போகும்போது எழும் அதிர்வுதான் குறட்டை. பாதை முழுதாக அடைபட்டால் மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிட, திணறலோடு மூச்சு திரும்புகிறது. தூங்குபவருக்குக் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. பெரியவர்களுக்கு 10 விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் அடைப்புகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். முழு அடைப்பும் பாதி அடைப்பும் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. தூக்கத்தில் மூச்சைக் கவனித்து எடுக்கும் அந்த டெஸ்ட்டின், அதாவது ஸ்லீப் ஸ்டடியின், ரிப்போர்ட்டில் ஏஎச்ஐ என்று போட்டிருப்பது இந்த எண்தான். 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு தடைபடுகிறது. மாத்திரைக்கு அடங்காத பிபி, இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது எல்லாவற்றுக்கும் இதோடு தொடர்பு இருக்கிறது.

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். கீழ்த்தாடை சிறிதாக, உள்வாங்கி இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகமாகிறது. பெரிய குறட்டைச் சத்தம் இல்லாமல் காலைத் தலைவலி, நாள் முழுக்க அசதி என்று வருவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்த மெஷின், அதாவது சிபாப், ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்குச் சொன்ன முறை. காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கிறது. அடைப்பைக் குறைப்பதில் அதற்கு நிகரானது இல்லை என்பதைப் பல் டாக்டரான நானே சொல்கிறேன். அதனால் ஒதுக்கி வைப்பதற்கு முன் உங்கள் ஸ்லீப் டாக்டரிடம் ஒருமுறை பேசுங்கள். மாஸ்க் அளவை மாற்றுவது, காற்றை ஈரப்படுத்தும் பகுதியைச் சேர்ப்பது, மூக்கடைப்பைச் சரிசெய்வது போன்ற சின்ன மாற்றங்களிலேயே பலருக்குப் பழகிவிடுகிறது.

அப்படியும் பழகாதவர்கள் இருக்கிறார்கள். கிராமத்தில் கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் ஸ்லீப்பர் பஸ்ஸிலும் தூங்குகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. மாஸ்க் முகத்தை மூடினாலே படபடப்பு வருகிறவர்களும் உண்டு. இன்னொரு வகையினர் அரை மனதோடு போடுபவர்கள். படுக்கும்போது மாட்டிக்கொண்டு, நள்ளிரவு இரண்டு மணிக்குக் கழற்றி எறிந்துவிடுவார்கள். 70 சதவீத இரவுகளில் 4 மணி நேரம் போட்டாலே ஒழுங்காகப் பயன்படுத்துவதாக மருத்துவ உலகில் கணக்கு வைக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு போதாது. கனவு வரும் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். தசைகள் மிகவும் தளர்ந்து, பலருக்கு அடைப்பு மோசமாவதும் அந்த நேரத்தில்தான். இரண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழற்றுபவர் இரவின் மோசமான பகுதியைப் பாதுகாப்பில்லாமல் கழிக்கிறார்.

இனி அந்தக் கருவி. எங்களிடம் வருபவர்கள் அதையும் 'கிளிப்' என்றே சொல்கிறார்கள். மேல் பல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று. இரண்டையும் இணைத்து, தூங்கும்போது கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி வைக்கும். நாக்கின் முக்கியத் தசை கீழ்த்தாடையின் உட்புறத்தில், முன்பல்லுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வரும், தொண்டையில் இடம் கிடைக்கும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு தடைபட்டால் மயக்க டாக்டர் தாடையை முன்னால் தூக்கிப் பிடிப்பதும் இதற்காகத்தான். இப்போதே வேண்டுமானால் செய்து பாருங்கள்: வேண்டுமென்றே குறட்டை மாதிரி சத்தம் எழுப்புங்கள். பிறகு கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு அதே சத்தத்தை எழுப்ப முயலுங்கள். பலருக்கு வராது.

இது புது வித்தையும் இல்லை. தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைப்பதைப் பார்த்து, பிரெஞ்சு மருத்துவர் பியேர் ரோபன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதே யோசனையில் ஒரு கருவி செய்தார். அமெரிக்காவின் தூக்க மருத்துவ அகாடமியும் பல்துறைத் தூக்க மருத்துவ அகாடமியும் 2015இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், சிபாப்பைத் தாங்க முடியாத அல்லது வேறு வழியை விரும்பும் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறது.

பலன் எப்படி? ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அடைப்பு நன்றாகக் கட்டுக்குள் வருகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கினருக்குப் பாதிக்குப் பாதி குறைகிறது. மீதிப் பேருக்குப் போதவில்லை. லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்கள், மல்லாந்து படுத்தால் மட்டும் மோசமாகிறவர்கள், தாடை உள்வாங்கியவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். கடுமையான நிலையில் சிபாப்தான் முதல் வழி. அது முடியவே முடியாது என்றால் மட்டுமே இது. அடைப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதில் மெஷின் ஜெயித்தாலும் கிளிப்பை விடியும்வரை கழற்றாமல் தூங்குகிறவர்கள் அதிகம். அதனால் பகல் தூக்கம், பிபி போன்றவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன.

யாருக்கு முடியாது என்பதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். கருவி பிடித்துக்கொள்ளப் போதுமான உறுதியான பற்கள் வேண்டும். கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு வருபவர்களுக்கும் ஈறு நோயால் பல் ஆடுபவர்களுக்கும் சிரமம். பாக்கு, புகையிலை மென்று மென்று கன்னம் இறுகி வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதவர்களுக்கு அளவெடுக்கவே முடியாது; அவர்களுக்கு அந்த வாய்க்கான சிகிச்சைதான் முதலில். தாடை மூட்டில் கடும் வலி உள்ளவர்களை யோசித்துத்தான் சேர்ப்பேன். மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராத வேறு வகை ஆப்னியாவுக்கு இது உதவாது. குழந்தைகள் குறட்டை விட்டால் டான்சிலையும் அடினாய்டையும் பார்க்க காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

பொருந்துகிறவருக்கு அளவெடுத்து, லேபில் செய்து வாங்கி, கீழ்த்தாடை முன்னால் போகக்கூடிய தூரத்தில் சுமார் பாதியில் தொடங்குவோம். அப்புறம் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்த வேண்டும். முதல் நாட்களில் எச்சில் வழியும், காலையில் தாடை வலிக்கும், பல்லோடு பல் சேராத மாதிரி இருக்கும். காலையில் செய்யச் சொல்லும் சின்னத் தாடைப் பயிற்சியை விடாமல் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வருடக்கணக்கில் போடும்போது முன்பற்கள் சற்று நகர்ந்து கடி மாறலாம், அது நிரந்தரமாகவும் ஆகலாம். இதைச் சொல்லாமல் யாராவது கருவி செய்து கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் ரெடிமேட் கருவிகள் கிடைக்கின்றன. வாங்க வேண்டாம். பிடிமானம் இல்லாமல் இரவில் கழன்றுவிடும், அளவாக நகர்த்தவும் வழி இருக்காது. இன்னொரு ஆபத்து அதைவிடப் பெரியது. அவை குறட்டையைக் குறைக்கக்கூடும், நோயை அப்படியே விட்டுவிட்டு.

நல்ல கருவியிலும் இது நடக்கலாம் என்பதால்தான், கருவி போட்ட பிறகு அதை மாட்டிக்கொண்டே இரண்டாவது முறை டெஸ்ட் எடுக்கச் சொல்லி எல்லோரையும் வற்புறுத்துகிறேன். துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், நடுத்தர நிலை. கருவி போட்ட சில வாரங்களில் குறட்டை அடங்கிவிட்டது. "இப்பத்தான் நாங்க தூங்குறோம் டாக்டர், இன்னொரு டெஸ்ட் எதுக்கு வீண் செலவு?" என்றார் வீட்டம்மா. கருவியை மாட்டிக்கொண்டே தூங்கி டெஸ்ட் எடுத்தபோது எண் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. சத்தம் போய்விட்டது, அடைப்பு போகவில்லை. ஸ்லீப் டாக்டரோடு பேசி, கருவியையும் மெஷினையும் சேர்த்துப் போட வைத்தோம். தாடை முன்னால் இருப்பதால் குறைந்த காற்றழுத்தமே போதுமாக இருந்தது. முன்பு முகத்தில் வைக்கவே மறுத்த மாஸ்க்கை அவரால் தாங்க முடிந்தது.

வரும்போது பழைய ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டையும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்து வாருங்கள். டெஸ்டே எடுக்காதவர்கள் முதலில் ஸ்லீப் டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்கள்; நோயை உறுதிசெய்வது அவர்கள் வேலை. கருவி போட்டுக் காலையில் புத்துணர்ச்சி வந்துவிட்டது என்று பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லாரி, பஸ், டாக்ஸி ஓட்டுபவர்கள் இரண்டாவது டெஸ்ட் முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை நைட் டிரிப் எடுக்க வேண்டாம். பகலிலும் கண் சொக்கினால், கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு அவசரம் இருந்தாலும், வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்.