காய வேண்டிய தண்ணீர், காயக் கூடாத தண்ணீர்

சலசலவென்று காய்ந்த வடாத்திலும் தண்ணீர் இருக்கிறது. ஒடித்தால் 'டக்'கென்று முறியும், டப்பாவில் குலுக்கினால் சில்லறை போல ஒலிக்கும். ஆனாலும் அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். அந்தப் பங்கு இல்லாவிட்டால் எண்ணெயில் போட்டதும் பொரியாமல் கருகும். இரு மடங்காக இருந்தால் நடுவில் கல்லாக நிற்கும். கோடையில் ஒரு வாரம் மொட்டை மாடியில் நடக்கும் வேலை முழுவதும் தண்ணீரைப் போக்குவதற்காகத்தான் என்று தோன்றும். உண்மையில் அது எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றிய வேலை.

கணக்கைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கடையில் வாங்கும் அரிசி மாவில் ஏற்கெனவே 12 சதவீதம் ஈரம் உண்டு. 1 கிலோ மாவில் சுமார் 4 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கூழ் காய்ச்சுகிறோம். பிழிந்து நாலைந்து நாள் காயவைத்து அந்த 4 லிட்டரையும் விரட்டுகிறோம். கடைசியில் கையில் மிஞ்சுவது மறுபடி 1 கிலோ. எடையும் ஈரமும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டன. ஆனால் மாவை எண்ணெயில் கொட்டினால் பொரியாது, வடாம் பொரியும். இடையில் மாறியது ஸ்டார்ச் எனும் மாவுச்சத்தின் கட்டமைப்பு.

அரிசி மாவில் ஸ்டார்ச் தனித்தனி மணிகளாக இருக்கிறது. ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான். பச்சைத் தண்ணீரில் கரைத்தால் அவை மிதக்கும், சற்று நேரத்தில் அடியில் தங்கும், வேறொன்றும் ஆகாது. ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மணிக்குள் ஒழுங்காக அடுக்கியிருந்த மூலக்கூறுகள் தளர்ந்து தண்ணீரை உறிஞ்சத் தொடங்குகின்றன. மணி உப்பி உடைகிறது. ஸ்டார்ச்சின் இரு வகை மூலக்கூறுகளில் நேரான சங்கிலியாக உள்ள அமைலோஸ் வெளியே கசிந்து, கிளை கிளையாகப் பிரிந்திருக்கும் அமைலோபெக்டினைச் சுற்றிப் பின்னிக்கொள்கிறது. வெள்ளையாக இருந்த கரைசல் கண்ணாடிபோல் மினுங்கும் கூழாவது இந்த இடத்தில்தான். இனி அது மணிகளின் குவியல் அல்ல, இடைவெளியில்லாத ஒரே வலை. நீராவியைப் பிடித்துவைத்து உப்பக்கூடியது இந்த வலை மட்டுமே.

எனவே கூழ் வேகாமல் விட்ட குறையை எந்த வெயிலும் சரிசெய்யாது. வேகாத மணிகள் உள்ள இடத்தில் வலை அறுந்திருக்கும். காயும்போது அங்கேதான் விரிசல் விடும், டப்பாவில் நொறுங்கித் தூளாகும், பொரித்தால் வாயில் மாவு மாவாக நிற்கும். பிழியும் வடாத்துக்கு 1 டம்ளர் மாவுக்கு இரண்டரை முதல் 3 டம்ளர் தண்ணீர் சரியாக வரும். பழைய அரிசி என்றால் கூடுதலாக இழுக்கும், அரை டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மாவை நேராகக் கொதிநீரில் கொட்டக் கூடாது. கட்டியின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகி, உள்ளே தண்ணீர் போகவிடாமல் அடைத்துவிடும். மொத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கில் மாவைக் கரைத்துக்கொண்டு, மீதி கொதிக்கும்போது ஒரு கையால் ஊற்றி மறுகையால் கிளற வேண்டும். அடி கனத்த பாத்திரம், சிறு தீ, விடாத கிளறல். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, வெண்மை போய்ப் பளபளப்பு வந்திருக்க வேண்டும். பளபளப்பு வந்த பிறகும் 5 நிமிடம் மூடிவைத்து வேகவிடுவதில் நட்டமில்லை.

கூழைச் சூடாகவே பிழிய வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்துவதில் நியாயம் இருக்கிறது. ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றோடொன்று அணிவகுத்து இறுகத் தொடங்கும். அப்படி இறுகியதை இளக்க அடுப்புச் சூடு போதாது. 100 டிகிரியில் அந்தப் பிணைப்பு உருகுவதில்லை. ஆறின கூழைத் திரும்பச் சூடாக்கினால் கட்டி கட்டியாகத்தான் வரும். பாதிக் கூழை மூடிய பாத்திரத்தில் வெந்நீருக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, எடுத்து எடுத்துப் பிழிவதே வழி.

ஜவ்வரிசி கலப்பது பொரிவதற்காக. அது மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச். சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளிலிருந்து வருவது. அதில் அமைலோஸ் அரிசியைவிடப் பொதுவாகக் குறைவு, அமைலோபெக்டின் அதிகம். கிளைச் சங்கிலி கூடினால் வலை நெகிழ்ந்து கொடுக்கும், நன்றாக விரியும். அரிசி மட்டும் என்றால் கரகரப்பும் கடினமும் கூடும். ஜவ்வரிசி மட்டும் என்றால் வாயில் வைத்ததும் கரையும், சிலருக்குப் பல்லில் ஒட்டும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு ஜவ்வரிசி நல்ல நடுநிலை. ஊற்றும் ஜவ்வரிசி வடாத்துக்கு 1 டம்ளருக்கு 5 முதல் 6 டம்ளர் தண்ணீர் வேண்டும். இரவே ஊறவைத்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்காமல் வேகும்.

உப்பில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 1 கிலோ ஜவ்வரிசியும் 6 லிட்டர் தண்ணீரும் சேர்ந்து 7 கிலோ கூழ். நாக்குக்குச் சரியாக இருக்கும்படி 1 சதவீதம் போட்டால் 70 கிராம். காய்ந்து 1 கிலோ ஆனதும் அந்த 70 கிராம் அப்படியே இருக்கும், அதாவது 7 சதவீதம். வாயில் வைக்க முடியாது. கிலோ மாவுக்கு 20 முதல் 25 கிராம், அதாவது தட்டிய தேக்கரண்டியில் நாலு தூளுப்பு போதும். கூழைச் சுவைத்தால் உப்பு பாதிதான் போட்டதுபோல இருக்கட்டும். ஜவ்வரிசிக் கூழில் இன்னும் மந்தமாகத்தான் தெரியும். பச்சை மிளகாயின் காரமும் பறக்காது, அதிலும் அதே எச்சரிக்கை. பெருங்காயம், சீரகத்தின் மணமோ வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், அவற்றில் கை தாராளமாக இருக்கலாம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கும்போது புளிப்பு சேர்ந்தால் ஸ்டார்ச் சங்கிலிகள் துண்டுபட்டுக் கூழ் நீர்த்துப்போகும்.

இனி வெயில். காய்வதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் வடாத்தின் மேற்பரப்பு ஈரமாகவே இருக்கும். உள்ளிருந்து வரும் தண்ணீருக்கு ஈடாக மேலே ஆவியாகும். இங்கே வேகத்தைத் தீர்மானிப்பவை காற்றோட்டமும் காற்றின் வறட்சியும். வெயில் செய்யும் உதவி அந்த வறட்சிதான். 38 டிகிரி காற்றில் ஈரப்பதம் 40 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று 55 டிகிரிக்குச் சுடும் தரையை ஒட்டி வரும்போது, அதிலுள்ள நீராவி கூடாமல் குறையாமல் இருந்தாலும், ஈரப்பதம் சுமார் 17 சதவீதமாக இறங்கிவிடும். தாகமெடுத்த காற்று அது. நிழலில் மின்விசிறிக்கடியில் உலர்த்துவோருக்குக் காற்றோட்டம் கிடைக்கிறது, இந்த வறட்சி கிடைப்பதில்லை. முதல் நாள் வேலை அங்கே நன்றாகவே நடக்கும். கடைசிக் கொஞ்சம் ஈரம் மட்டும் போகாமல் அடம்பிடிக்கும். மாடி இல்லாத அடுக்ககங்களில் முதல் இரண்டு நாள் விசிறியில் காயவைத்து, கடைசியில் பால்கனி வெயிலிலோ 60 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரமோ வைத்து முடிக்கலாம்.

நாள் பார்ப்பதென்றால் வெயிலின் உச்சத்தைப் பார்க்காமல் ஈரப்பதத்தைப் பாருங்கள். சென்னையில் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுவாக இல்லாத நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழையும். உடம்புக்கு இதம், வடாத்துக்கு அன்றைய நல்ல நேரம் முடிந்தது என்று பொருள். விடியுமுன்னே கூழ் காய்ச்சி 7 மணிக்குள் பிழிந்து முடிக்கும் பழக்கம் கடலோரத்தில் வெறும் சுறுசுறுப்பு அல்ல. மதுரை, கரூர் பக்கம் மாலைவரை வறண்ட காற்று கிடைக்கும். அங்கே பயப்பட வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் திரண்டு வரும் கோடை மழைக்கு. அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் பங்குனியிலேயே முடித்துவிடுவோர் பலர். வெயில் சற்றுக் குறைவானாலும் மழைக்குப் பயமில்லாத வாரம் அது.

இரண்டாம் கட்டம் மெதுவானது. மேல் காய்ந்துவிடும், உள்ளிருக்கும் ஈரம் ஸ்டார்ச் வலைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரவேண்டும். இதற்கு ஆகும் நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் இழை ஒரு நாளில் காயும் என்றால் 6 மில்லிமீட்டர் இழைக்கு ஏறக்குறைய 4 நாள். 'கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டுமே' என்று ஊற்றும் வடாம்தான் பின்னால் நடுவில் பொரியாமல் நிற்கிறது. ஒன்றின்மேல் ஒன்று படிந்த பிழிசல்களிலும் இதே கோளாறு.

இந்தக் கட்டத்தில் இரவுக்கும் பங்கு உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. மாலையில் வடாத்தின் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கும். வீட்டுக்குள் எடுத்து வந்து துணியால் மூடி வைத்தால், இரவில் நடுவின் ஈரம் ஓரத்துக்கு நகர்ந்து சமமாகும். காலையில் முழுவதும் லேசாகத் தளர்ந்தது போலத் தெரியும். அது பின்னடைவு அல்ல. மேற்பரப்புக்கு வந்த ஈரத்தை அன்றைய வெயில் எளிதில் எடுத்துக்கொள்ளும். மாடியிலேயே விட்டால் நடப்பது வேறு. பனியும் ஈரக்காற்றும் வெளியிலிருந்து தண்ணீரைத் திரும்ப ஏற்றிவிடும்.

பழைய வேட்டியில் பிழிவதா, பிளாஸ்டிக் விரிப்பிலா என்ற வழக்குக்கு இப்படித் தீர்ப்புச் சொல்லலாம்: வேட்டி அடிப்பக்க ஈரத்தை உறிஞ்சி ஆவியாக்கும், முதல் நாள் வேகமாகக் காயும், உரிக்கும்போது துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்தாக வேண்டும், தெளித்த ஈரத்தை மறுபடி காயவைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் தானாகக் கழன்று வரும், ஆனால் அடிப்பக்கம் வேர்த்தே இருக்கும், அன்று மாலையோ மறுநாள் காலையோ திருப்பிப் போட்டே தீர வேண்டும். உணவுக்கு உகந்த கனத்த விரிப்பு கிடைக்காவிட்டால் வேட்டியே மேல்.

இரண்டாம் நாள் வடாம் காணாமல் போவதற்குக் காகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. காவலுக்கு உட்கார்த்திய பிள்ளைகள் தின்னும் பாதி காய்ந்த வடாம் ஸ்டார்ச்சின் ரப்பர் நிலை: இழுத்தால் வளையும், கடித்தால் சவ்வாக இருக்கும். ஈரம் மேலும் குறைந்து பத்துப் பன்னிரண்டு சதவீதத்தை நெருங்கும்போது அதே பொருள் கண்ணாடி நிலைக்கு மாறி, வளையாமல் முறியும். ஒடித்துப் பார்க்கும் சோதனை இந்த மாற்றத்தைத்தான் அளக்கிறது. தராசு இருந்தால் இன்னும் துல்லியம். பத்து வடாத்தைக் குறித்துவைத்து அடுத்தடுத்த இரு மாலைகளில் நிறுத்துப் பாருங்கள். எடை மாறவில்லை என்றால் முடிந்தது. 1 கிலோ மாவு 1.2 கிலோ வடாமாக நின்றால் அதில் இன்னும் 25 முதல் 27 சதவீதம்வரை ஈரம் இருக்கிறது.

முதல் நாளே மழை வந்தால்? அள்ளிக் குவிக்காதீர்கள். விரிப்போடு உள்ளே கொண்டுபோய் விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். ஈரக் கூழும் 35 டிகிரிச் சூடும் நுண்ணுயிர்களுக்கு விருந்து. பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் வித்துகள் கூழ் கொதித்தாலும் சாவதில்லை. ஈரம் நின்றால் முளைத்துப் பெருகும். வடாம் இளஞ்சிவப்பாகவோ கறும்புள்ளியாகவோ மாறினாலும், தொட்டால் நூல்போல இழுபட்டாலும், அழுகல் வாடை வந்தாலும் கொட்டிவிடுங்கள். இவற்றுள் சில விடும் நச்சு சூட்டில் அழியாது, பொரித்தால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது.

மோர் மிளகாய்க்கும் சுண்டை வத்தலுக்கும் தடை தோல். மெழுகு பூசிய அந்தத் தோல் தண்ணீரை வெளியே விடாது. அதனால்தான் கீறுவதும் நசுக்குவதும். இரவு உப்பு மோரில், பகலில் வெயிலில் என்று மாற்றி மாற்றிப் போடும்போது உப்பு உள்ளிருக்கும் நீரை இழுக்கிறது, புளிப்பு கெடாமல் காக்கிறது.

பொரிக்கும்போது நடப்பதெல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். எண்ணெய் 180 முதல் 200 டிகிரி இருக்க வேண்டும். உள்ளே போன வடாம் முதலில் கண்ணாடி நிலையிலிருந்து ரப்பராக இளகுகிறது. அதே கணத்தில் வலைக்குள் சிக்கிய தண்ணீர் நீராவியாகிறது. 3 கிராம் வடாத்தில் 0.3 கிராம் தண்ணீர். அது நீராவியானால் ஏறக்குறைய அரை லிட்டர். பெரும்பகுதி குமிழ்களாக வெளியேறினாலும், போகிற போக்கில் இளகிய வலையை ஊதிப் பெருக்கிவிடும். ஈரம் போனதும் வலை மறுபடி கண்ணாடியாகி, ஊதின வடிவத்திலேயே உறைந்துவிடும்.

எண்ணெய் காயாமல் போட்டால் தண்ணீர் அழுத்தம் சேராமல் மெல்லக் கசிந்துவிடும். வடாம் சுருண்டு எண்ணெய் குடிக்கும். சிறு துண்டு போட்டுப் பாருங்கள்: மூழ்கி இரண்டு மூன்று விநாடிக்குள் மலர்ந்து மேலே வந்தால் பதம். எண்ணெய் சரியாக இருந்தும் நடு கடினமாக நின்றால் ஈரம் அதிகம், ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு எடுங்கள். எதுவும் பொரியாமல் சிவந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. இது அபூர்வம், பெரும்பாலும் ஓவனில் மறந்து விட்டதாக இருக்கும். ஒரு இரவு திறந்த தட்டில் வைத்தால் காற்றிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளும்.

டப்பாவில் போடும்போது வெயில் சூடு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு மூடினால் குளிர்ந்த மூடியின் உட்புறம் நீர் கோத்து, மேலடுக்கில் பூஞ்சை வரும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், ஒரே பெரிய டின்னுக்குப் பதில் இரண்டு மூன்று சிறியவற்றில் பிரித்து வையுங்கள்; திறக்கும் ஒவ்வொரு முறையும் மொத்தச் சரக்கும் ஈரக்காற்றைப் பார்க்க வேண்டியதில்லை. புரட்டாசியில் நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் மீண்டும் மூன்று மணி நேரம் உலர்த்தி ஆறவிட்டு மூடினால், வடகிழக்குப் பருவமழை முடியும்வரை தாங்கும்.