கத்தி பட்டதும் பழத்துக்குள் நடப்பது

சென்ற கோடையில் விருந்தாளிகள் வருவதற்கு முந்தைய இரவே ஃப்ரூட் சாலட் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். வாழைப்பழம், ஆப்பிள், அன்னாசி, இரண்டு கரண்டி சர்க்கரை, மேலே கஸ்டர்டு. காலையில் பார்த்தால் வாழைத்துண்டுகள் கறுத்துக் கிடந்தன. அடியில் ஒரு தம்ளர் தண்ணீர். கஸ்டர்டோ வாயில் வைக்க முடியாத கசப்பு. பழத்தின் மேல் குறையில்லை. தவறு என் அவசரத்தில்தான்.

முதலில் கறுப்பு. பழத்தின் ஒவ்வொரு செல்லிலும் ஃபீனால் சேர்மங்கள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி அந்தத் தடுப்புகளை உடைக்கிறது. இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் குயினோன்கள் உண்டாகின்றன. அவை ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமியாகின்றன. வாழைப்பழத்தில் இந்த நொதிக்கு முக்கிய இரை டோபமைன்; ஆம், மூளையில் வேலை செய்யும் அதே டோபமைன். (சாப்பிடும் டோபமைன் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. வாழைப்பழம் தின்றால் உற்சாகம் பொங்கும் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.) பச்சைத் தேயிலை கறுப்பதும் இதே நொதியால்தான். அங்கே அது வேண்டுமென்றே செய்யப்படுகிறது.

நம் சமையலறைக்கு இது பழைய சங்கதி. ஆய்ந்த வாழைப்பூவை மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோமே, ஏன்? தண்ணீர் காற்றைத் தடுக்கிறது; மோரின் புளிப்பு நொதியை மந்தமாக்குகிறது. பழத்துக்கு எலுமிச்சைச் சாறு இன்னும் நல்லது. அதன் சிட்ரிக் அமிலம், நொதியின் மையத்திலுள்ள தாமிரத்தைப் பற்றிக்கொள்கிறது. வைட்டமின் சி, உருவான குயினோன்களைப் பழையபடி ஃபீனால்களாக மாற்றிவிடுகிறது. அது தீரும்வரைதான் காவல், பிறகு பழுப்பேறும். ஆகவே வாழைப்பழத்தைப் பரிமாறும் நேரத்தில் நறுக்கிச் சேர்ப்பதே மேல்.

அடியில் தேங்கிய தண்ணீர் சர்க்கரையின் வேலை. துண்டுகளின் மேல் சர்க்கரை கரைந்து அடர்ந்த கரைசலாக நிற்க, செல்லுக்குள் இருக்கும் நீர் சவ்வைத் தாண்டி அதை நோக்கி வெளியேறுகிறது. பழம் துவள்கிறது. இதே விளைவை எல்லைவரை கொண்டுபோனால் பழனிப் பஞ்சாமிர்தம்: சர்க்கரையும் தேனும் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை, வாழைப்பழம் ஃபிரிட்ஜ் இல்லாமலே பல நாள் நிற்கிறது. சாலட்டுக்கு அவ்வளவு வேண்டாம். சர்க்கரைக்குப் பதில், உண்ணும் முன் ஒரு சிட்டிகை உப்பு போதும். உப்பு கசப்பை அடக்குவதால் மறைந்திருந்த இனிப்பு மேலே வரும் என்பதை 1997இல் நேச்சர் இதழில் வெளியான சோதனை காட்டியது. மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் உப்பு தொட்டுத் தின்றவர்களுக்குச் சோதனையே தேவைப்பட்டிருக்காது!

இனி அந்தக் கசப்பு. அன்னாசியில் புரோமலைன் என்ற புரதம் அறுக்கும் நொதி உண்டு. நிறையத் தின்றால் நாக்கு எரிவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. அது பாலின் புரதத்தைத் துண்டாடும்போது உண்டாகும் சில சிறு துண்டுகள் கசக்கும். ஓர் இரவு முழுக்க அதற்கு நேரம் கொடுத்திருந்தேன். அன்னாசியைச் சர்க்கரைப் பாகில் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். பிறகு கஸ்டர்டில் தாராளமாகச் சேர்க்கலாம். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, அதனால் தொல்லை இல்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பரிமாறவும் வேண்டாம். இனிப்பை மூளைக்குத் தெரிவிக்கும் நாக்குச் செல்களில் டிஆர்பிஎம்5 என்ற புரதக் கதவு இருக்கிறது; மின்னூட்டம் கொண்ட அயனிகளைச் செல்லுக்குள் விடுவது அதன் வேலை. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏற ஏற அது சுறுசுறுப்பாகிறது. பத்து நிமிடம் வெளியே வைத்தால் அதே மாம்பழம் கூடுதலாக இனிக்கும்.

கிர்ணிப்பழத்தை மட்டும் அப்படி மறந்துவிடக் கூடாது. அதன் சொரசொரப்பான தோலில் மண்ணும் கிருமியும் ஒளிந்திருக்கும். கழுவாமல் நறுக்கினால் கத்தி அவற்றை உள்ளே கொண்டுபோகும். புளிப்பு குறைந்த பழம் என்பதால் கிருமிகள் அங்கே விரைந்து பெருகும். நறுக்கிய துண்டுகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியே இருக்கக் கூடாது. கறுத்த வாழைப்பழம் பார்க்க அசிங்கம், தின்றால் ஒன்றும் ஆகாது. கிர்ணியோ கெட்ட பிறகும் நறுக்கிய நிறத்திலேயே இருக்கும்.