பாதிரியார்: சொற்பொருளும் சொல் வந்த வழியும்

தமிழில் ‘பாதிரி’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. ஒலியைத் தவிர அவற்றுக்கிடையே வேறு உறவு இல்லை. ஒன்று மரத்தின் பெயர். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் ‘தேங்கமழ் பாதிரி’ என்று வருவதும், கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்ததும் அந்த மரமே. மற்றொன்று கிறிஸ்தவச் சமயகுருவைக் குறிப்பது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரோடு கடல்வழி வந்தது. இங்கே விளக்க எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது சொல்லை.

தந்தையைக் குறிக்கும் ‘பாத்தெர்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது போர்ச்சுக்கீசிய ‘பாத்ரே’. தகரமும் ரகரமும் உயிரின் துணையின்றி அடுத்தடுத்து நிற்பது தமிழ் நாவுக்கு இயல்பன்று என்பதால் இடையில் ஓர் இகரம் நுழைந்தது. இறுதி ஏகாரமும் இகரமாகிப் ‘பாதிரி’ என்ற வடிவம் நிலைத்தது. அதன்மேல் மதிப்புக்குரிய ‘ஆர்’ விகுதி சேர்ந்து ‘பாதிரியார்’ ஆயிற்று. ஆக, அடிப்படையில் இது பதவியின் பெயரன்று. மக்கள் தம் குருவை ‘தந்தையே’ என்று அழைத்த விளி. பதவிக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘மூத்தவர்’ என்று பொருள்படும். தமிழ் விவிலியத்தில் அது ‘மூப்பர்’ என்று சரியாகவே பெயர்க்கப்பட்டுள்ளது. விளிக்கும் பதவிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான், ஒரே ஒரு தமிழ்ச் சொல் ஏன் இதற்கு ஈடாக அமையவில்லை என்பது விளங்கும்.

‘பாதிரியார்’ என்ற சொல் நம் காதில் ஐரோப்பியக் கப்பலோடு பின்னிக் கிடப்பதால், கிறிஸ்தவமே அந்தக் கப்பலில்தான் ஆசியாவுக்கு வந்தது என்ற எண்ணம் பலரிடம் படிந்திருக்கிறது. இது பிழை, திருத்தப்பட வேண்டிய பிழை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது, மலபார்க் கரையின் தோமையார் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தனர். 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்தில் இருந்த அவர்களுடைய பள்ளிக்கு, அதாவது கோவிலுக்கு, அளிக்கப்பட்ட உரிமைகளைப் பதிவு செய்கிறது. அவர்கள் தம் குருக்களைக் ‘கத்தனார்’ என்றனர்; அவர்களது வழிபாட்டு மொழியான சிரியாக்கில் குருவுக்குக் ‘கசீசா’ என்று பெயர். அதற்கும் மூத்தவர் என்பதே பொருள்.

அதே ‘கசீசா’ சீனத்தின் சிய்யான் நகரிலும் கல்லில் நிற்கிறது. பாரசீகத் திருச்சபையைச் சேர்ந்த அலோபென் 635இல் தாங் பேரரசரின் தலைநகரை அடைந்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு, 781இல் நிறுவப்பட்டது. அதன் சிரியாக் வரிகளில் ‘கசீசா’ வருகிறது; சீன வரிகளிலோ அதே குருமார் ‘செங்’ எனப்படுகின்றனர். பௌத்தத் துறவியைக் குறிக்கும் அந்தச் சீனச் சொல், ‘சங்கம்’ என்று நாம் வழங்கும் சொல்லிலிருந்து பிறந்தது. மேற்கிலிருந்து வந்த சமயம் சீனத்தில் தன்னை விளக்கிக்கொள்ள, இந்தியாவில் பிறந்த ஒரு சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கையில் வியப்பு அடங்குவதில்லை.

‘பாத்ரே’ இவற்றுக்கெல்லாம் பின்னர் வந்தது. ஆனால் விரைவாகப் பரவியது. 1580இல் அக்பரின் அழைப்பை ஏற்று இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவறச் சபையினர் பத்தேபூர் சிக்ரிக்குச் சென்றனர். பாரசீகத்திலும் இந்தியிலும் உருதுவிலும் ‘பாத்ரி’ இடம்பிடித்தது. ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்சில் தகலோகு மக்கள் அதைப் ‘பாரி’ என்று சுருக்கிக்கொண்டனர். பிரிட்டிஷ் படைகளில் சமயப் பணி செய்யும் குருவை இன்றும் ‘பாத்ரே’ என்றே அழைக்கின்றனர்.

சொல்லின் ஊழ் மிகக் கடுமையாக அமைந்த இடம் ஜப்பான். 1549 ஆகஸ்டு 15 அன்று பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாவில் இறங்கினார். அதற்கு ஏழாண்டு முன்பு அவர் நம் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே பணியைத் தொடங்கியவர். ஜப்பானிய நாவில் பாத்ரே ‘பதெரென்’ ஆயிற்று. 1587இல் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி பிறப்பித்த ஆணை, பதெரென்கள் இருபது நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. 1614இல் தொக்குகாவா அரசு சமயத்தையே நாடெங்கும் தடை செய்தது. அழைப்புச் சொல்லாக இருந்தது குற்றச்சாட்டுச் சொல்லாகிப்போனது. குருக்களே இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்த குடும்பங்கள், தாங்களே குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்து, மனப்பாடமான செபங்களை வாய்வழியாகக் காத்தன. 1865இல் நாகசாகியின் ஓவுரா கோவிலில் அவர்களுள் சிலர் பிரெஞ்சுக் குரு ஒருவரிடம் வந்து தங்கள் நம்பிக்கையை வெளிப்படுத்தினர். இன்று ஜப்பானியர் கத்தோலிக்கக் குருவைச் ‘ஷின்பு’ என்கின்றனர். பதெரென் வரலாற்று நூல்களோடு நின்றுவிட்டது.

‘ஷின்பு’ என்பது ‘ஷென்ஃபு’ என்ற சீனச் சொல்லின் ஜப்பானிய ஒலிப்பு. ‘தெய்வத் தந்தை’ என்று பொருள் கொள்ளலாம். கொரியர் அதையே ‘சின்பு’ என்கின்றனர். அந்நாட்டில் குருவைப் பார்ப்பதற்கு முன்பே திருச்சபை தோன்றிவிட்டது. சீன மொழி நூல்களைப் படித்து நம்பிக்கை கொண்ட அறிஞர் குழுவினர், தம்முள் ஒருவரான யி சுங்-ஹுனைப் பெய்ஜிங்குக்கு அனுப்ப, அவர் 1784இல் அங்கே திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். முதல் கொரியக் குரு கிம் தெ-கொன் 1845இல் திருநிலைப்படுத்தப்பட்டு, மறு ஆண்டே தலை வெட்டப்பட்டு இறந்தார். வியட்நாமியரோ, பதவிக்கு ‘ஆன்ம மேய்ப்பர்’ என்னும் பொருளுடைய சொல்லையும், நேரில் அழைக்கத் தந்தையைக் குறிக்கும் ‘சா’ என்ற வீட்டுச் சொல்லையும் வைத்துக்கொண்டனர். விளியையும் பதவியையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

தமிழில் இந்தத் தேடல் இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியிடம் கூர்மை பெற்றது. 1606இல் அவர் மதுரைக்கு வந்தபோது, கிறிஸ்தவராவது என்றால் பறங்கியர், அதாவது போர்ச்சுக்கீசியர், குலத்தில் சேர்வது என்றே ஊர் புரிந்துவைத்திருந்தது. அவர் அந்தப் பெயரை மறுத்தார்; காவி உடுத்தார்; ‘தத்துவ போதகர்’ எனப்பட்டார்; ‘குரு’ முதலிய சொற்களைத் தம் நூல்களில் ஆண்டார். இம்முயற்சி சாதி ஏற்றத்தாழ்வுக்கு இடம் கொடுத்ததையும் மறைக்கக் கூடாது: உயர்ந்தோர் எனப்பட்டவர்களுக்கு ஒரு வகைத் துறவியும், ஏனையோருக்குப் ‘பண்டாரசாமி’ என்ற வேறு வகைத் துறவியும் என்று பிரிவு வளர்ந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு வழியினரான சீர்திருத்த (புராட்டஸ்டண்டு) சபைகளில் ‘ஐயர்’ என்ற சொல் வழங்கியது. போப் ஐயர் என்று நாம் இன்றும் சொல்வது அந்த வழக்கே. அந்தத் தரங்கம்பாடிச் சபையில்தான் 1733இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். கடலூரில் பிறந்த அவருடைய முதற்பெயர் ஆறுமுகம்.

சரியான தமிழ்ச் சொல் எது என்றால், அது சபையைப் பொறுத்தது. கத்தோலிக்கருக்குப் பதவிச் சொல் ‘குரு’ அல்லது ‘அருள்பணியாளர்’. அழைக்கும் சொல் ‘தந்தை’, எழுத்தில் ‘அருட்தந்தை’. ஊர்ப்புறத்தில் ‘சாமி’ என்பதும் உயிரோடு இருக்கிறது; பங்குச் சாமியார் என்ற பழைய வழக்கின் இடத்தில் இப்போது ‘பங்குத்தந்தை’ வந்துள்ளது. புணர்ச்சி விதிப்படி அருளும் தந்தையும் சேர்ந்தால் ‘அருட்டந்தை’ என்றே ஆக வேண்டும். ஆனால் அச்சில் ‘அருட்தந்தை’, ‘அருள்தந்தை’ என்பனவே ஊன்றிவிட்டன. பின்னதில் இரு சொல்லும் சிதையாமல் நிற்பதால் நான் அதையே எழுதுவேன்.

சீர்திருத்தச் சபையினருள் பலர் குருவைத் தந்தை என்று அழைப்பதில்லை. பூமியிலே ஒருவரையும் பிதா என்று சொல்லாதீர்கள் என்ற நற்செய்தி வாசகத்தை அவர்கள் காரணமாகக் காட்டுவர். அவர்களுக்குப் ‘போதகர்’, ‘மேய்ப்பர்’, ‘குருவானவர்’ பொருந்தும். ‘ஆயர்’ என்ற சொல்லில் மட்டும் விழிப்பு வேண்டும். கத்தோலிக்கரிடம் ஆயர் என்பவர் மறைமாவட்டத்தின் தலைவர், பேராயர் அவருக்கும் மேற்பட்ட உயர்மறைமாவட்டத்தின் தலைவர். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ ஆயர் என்பது உள்ளூர்ச் சபையின் குருவையும், பேராயர் என்பது மறைமாவட்டத்துக்கு ஈடான திருமண்டலத்தின் தலைவரையும் குறிக்கும். இதை அறியாமல் செய்தி எழுதுகிறவர்கள் ஒரு சபைக் குருவை மறைமாவட்டத் தலைவராக உயர்த்திவிடுகிறார்கள்.

‘பாதிரியார்’ இழிசொல்லன்று, அதை விலக்கவும் தேவையில்லை. போர்ச்சுக்கீசியர் காலத்து ஐரோப்பியக் குருக்களைப் பற்றி எழுதும்போது அது பொருத்தமான வரலாற்றுச் சொல். ஆனால் மலபாரின் தோமையார் மரபுக் குருவைக் கத்தனார் என்றும், சிய்யான் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்டவரைக் கசீசா என்றும் எழுதுவதே முறை. அவர்களுடைய காலத்தில் பாத்ரே என்ற சொல் இக்கரைகளை எட்டியிருக்கவில்லை.