புரவலர் அல்ல, பாதுகாவலர்

கொஞ்ச காலமாகக் கத்தோலிக்கக் கோயில்களின் திருவிழா அழைப்பிதழ்களில் 'எங்கள் பங்கின் புரவலர் புனித சவேரியார்' என்ற மாதிரி அச்சிடுகிறார்கள். தாளைத் திருப்பினால் 'திருவிழாப் புரவலர்கள்' என்ற தலைப்பில் நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல். ஒரே தாளில் ஒரே சொல், புனிதருக்கும் பந்தல் செலவை ஏற்றவருக்கும். இது சரியல்ல. ஆங்கிலத்தில் 'பேட்ரன் செயின்ட்' எனப்படும் புனிதருக்குத் தமிழில் பாதுகாவலர் என்பதே பொருத்தம்.

மூலச்சொல் லத்தீனின் 'பத்ரோனுஸ்'. தகப்பனைக் குறிக்கும் 'பாத்தெர்' என்பதிலிருந்து வந்தது. பழைய ரோமில் தன்னை அண்டி வாழ்ந்தவர்களைக் காத்து, வழக்கு வந்தால் அவர்களுக்காக நின்று பேசிய பெரிய மனிதர் பத்ரோனுஸ். திருச்சபை அதைப் புனிதர்களுக்கு எடுத்துக்கொண்டது. ஊருக்கு, கோயிலுக்கு, தொழிலுக்கு என்று பாதுகாவலர் உண்டு. ஞானஸ்நானத்தில் புனிதரின் பெயரைப் பெற்றவருக்கு அவரே பாதுகாவலர், அவருடைய நாளே இவருக்கு நாம விழா.

சரி, புரவலருக்கு என்ன குறை என்று கேட்பார்கள். 'புரத்தல்' என்றாலும் காத்தல்தானே? வேரில் அப்படித்தான். ஆனால் சங்கப் பாடல் காலத்திலேயே புரவலருக்கு எதிரில் நிற்பவர் இரவலர். ஒருவர் கேட்கிறார், மற்றவர் கொடுக்கிறார். நூலகப் புரவலர், இலக்கிய அமைப்பின் புரவலர் என்று இன்றும் பணம் தருகிறவருக்குத்தான் அந்தச் சொல். கத்தோலிக்க நம்பிக்கையில் புனிதர் கொடுப்பவர் இல்லை. கொடுப்பவர் கடவுள், புனிதர் நமக்காகப் பரிந்து பேசுகிறவர். மன்றாட்டு மாலையில் ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றுதான் பதில் சொல்கிறோம், 'எங்களுக்குத் தாரும்' என்றல்ல. புரவலர் என்றதும் புனிதரைக் கொடுப்பவரின் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். கத்தோலிக்கர்கள் புனிதர்களைக் கும்பிடுகிறார்கள் என்ற பழிக்கு நாமே வழி செய்து கொடுக்கலாமா?

பாதுகாவலர் என்றால் இப்போது வாசலில் நிற்கும் செக்யூரிட்டிதான் நினைவுக்கு வருகிறார் என்று இன்னொரு வாதம். செக்யூரிட்டியை யாரும் பாதுகாவலர் என்று கூப்பிடுவதில்லை. மாதாவைப் 'பாதுகாவலி' என்று வாய்நிறையச் சொல்லிவரும் மக்களுக்கு இந்தச் சொல்லில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர்களுக்குத்தான்.

இன்னொரு தவறு, விழா நாளைப் புனிதரின் 'பிறந்தநாள்' என்று அறிவிப்பது. நாகர்கோவில் கோட்டாற்றில் டிசம்பர் 3 அன்று நிறைவடையும் பெருவிழா, 1552இல் சவேரியார் சீனக் கரையோரத் தீவில் இறந்த நாள். பிறந்தது ஏப்ரல் 7. புனிதர் இறந்த நாளை விண்ணகப் பிறப்பு என்று திருச்சபை சொல்வது உண்மை. அப்படியானால் 'விண்ணகப் பிறப்பு' என்று முழுசாகச் சொல்லட்டும். மண்ணில் பிறந்த நாளுக்கே விழா எடுப்பது மாதாவுக்கு செப்டம்பர் 8, திருமுழுக்கு யோவானுக்கு ஜூன் 24 என்று வெகு சிலருக்குத்தான்.

நாம விழா நம் ஊர்களில் மங்கிப்போனதற்கும் மொழிபெயர்ப்பில் பாதிக் காரணம் இருக்கிறது. முன்னோர் புனிதர்களின் பெயர்களைப் பொருள் பார்த்துத் தமிழாக்கினார்கள். பவுலுஸ் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவானுக்குக் கடவுளின் அருள் என்று பொருள், அதனால் அருளப்பர். அலோசியுஸ் கொன்சாகா ஞானப்பிரகாசியார் ஆனார். பிள்ளைகளுக்கும் அதே பெயர்களை வைத்தார்கள். 1995இல் விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வந்தபின் கோயிலில் கேட்பதெல்லாம் பேதுரு, பவுல், யோவான். எல்லாச் சபைகளுக்கும் பொதுவான விவிலியம் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாத்தாவின் பெயரைத் தாங்கிய சின்னப்பனுக்கு 'பேதுரு, பவுல் பெருவிழா' தன்னுடைய விழா என்று யார் சொல்வது? ஜூன் 29க்கு முந்தின ஞாயிறு அறிவிப்பில் அவர்களுடைய பழைய தமிழ்ப் பெயர்களான 'இராயப்பர், சின்னப்பர்' என்றும் சேர்த்து வாசித்தால் போதும், அந்தப் பெயருள்ளவர்கள் தங்கள் நாம விழாவுக்குப் பூசைக்கு வந்துவிடுவார்கள்.