பந்தைத் தாங்கும் கொப்பு ஆளைத் தாங்காது

கோடை விடுமுறை தொடங்கியதும் மேலூர்ப் பக்கத்து வறண்ட கண்மாய்களுக்குள் கிரிக்கெட் களைகட்டும். ஆடி பிறந்துவிட்டால் பட்டம். பந்தோ பட்டமோ மரத்தில் சிக்கினால் எடுக்க யாராவது ஏறிவிடுவார்கள். இவ்விரண்டு காலங்களிலும் தீயணைப்பு நிலையத்துக்கு, "மரத்துல ஏறுன ஆளு இறங்க முடியாம நிக்கிறாரு" என்ற அழைப்பு தவறாமல் வரும். அதைக் கேட்டால் எங்களுக்குச் சற்று நிம்மதிதான், ஏனெனில் ஆள் இன்னும் மேலே இருக்கிறார். விழுந்துவிட்டவருக்கான அழைப்பு எங்களுக்கு வருவதில்லை. அது நேராக 108-க்குப் போய்விடும்.

மீட்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராம்கூட இராது, பட்டம் அதைவிட இலேசு. அவை சிக்குவது பெரும்பாலும் கொப்பின் நுனியில். அந்த நுனி 60 கிலோ ஆளைத் தாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஏறும்போது கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து ஏறுகிறவர், பொருள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் கண்ணை அதன்மேல் வைத்துவிடுகிறார். விழுவது அந்த நொடியில்தான். முருங்கையும் நாவலும் கை மொத்தக் கொப்பாக இருந்தாலும் சொல்லாமல் முறியும். உறுதிக்குப் புளியங்கொம்பை உவமை சொன்ன ஊர்தான் இது, ஆனால் புளியிலும் பட்டுப்போன கொப்பு இலை மறைவில் இருக்கும், கீழிருந்து தெரியாது. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் ஒரே நொடியில், ஏறத்தாழ மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் தரையை மோதுகிறார்.

ஆகவே தரையில் நின்றபடியே எடுக்க வழி பாருங்கள். அதற்கும் முன்னால் மரத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்து மின்கம்பி, கதண்டு என்னும் விஷ வண்டின் கூடு, தேன்கூடு ஏதேனும் உண்டா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால் அலுமினியத் துரட்டி மட்டுமல்ல, ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும். வீட்டு பியூஸைப் பிடுங்கிவிட்டு, "கரண்டை நிறுத்தியாச்சு" என்று தெருக்கம்பி ஓரம் ஏறியவரைப் பார்த்திருக்கிறேன். வீட்டு பியூஸுக்கும் தெருக்கம்பிக்கும் தொடர்பில்லை. மின்வெட்டு நேரத்தையும் நம்பக் கூடாது, சொல்லிவிட்டா மின்சாரம் திரும்புகிறது? மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, மின் ஊழியர் வரும்வரை பொறுத்திருங்கள்.

கம்பியும் கூடும் இல்லையென்றால் நீண்ட துரட்டியே போதும். எட்டாவிட்டால், சிறு துணிப்பையில் கால் கிலோ மணலை இறுகக் கட்டி, அதை மெல்லிய நைலான் கயிற்றின் முனையில் முடிந்து, கையைத் தாழ்த்தி ஊசலாட்டி, பொருள் சிக்கிய கொப்பைத் தாண்டி விழும்படி வீசுங்கள். பை தரைக்கு இறங்கியதும் கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, கொப்பின் நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் விலகி நின்று, சிறு சிறு உலுக்கலாக உலுக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பை கவட்டையில் மாட்டிக்கொண்டால் பலங்கொண்டு இழுப்பதும் ஆகாது, விடுபட்டதும் கவண்கல்லாக முகத்துக்கு வரும். இத்தனை எளிய வழி இருக்க, நம் ஆட்கள் கையில் எடுப்பது கல்லைத்தான். மேலே போகும் கல் பந்தில் படுகிறதோ இல்லையோ, கீழே யாராவது ஒருவர் தலையைத் தேடி வருகிறது.

கல்யாண வீட்டு ட்ரோன் சிக்கினால் முதலில் விசிறி சுழலாதபடி ரிமோட்டில் அதை நிறுத்துங்கள். அடிபட்ட பேட்டரி பின்னர் தீப்பற்றக்கூடும் என்பதால், இறக்கியதை மண்டபத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.

ஏணி வேண்டியிருந்தால் அதை அடிமரத்தில் சாய்த்துக் கட்டுங்கள், கொப்பில் சாய்க்காதீர்கள். 4 மீட்டர் உயரத்தில் சாய்ந்தால் ஏணியின் கால் மரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். பனையில் கதண்டு கட்டியிருந்தால் புகை போட்டுப் பார்க்க வேண்டாம், 101-க்கு அழையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், கை ஒருவர் கால் ஒருவராகத் தூக்கி ஆட்டோவில் திணிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். முதுகெலும்பு முறிந்திருந்தால், நடக்க வாய்ப்பிருந்தவர் அந்தத் தூக்கலிலேயே நிரந்தரமாக முடங்கிப்போகக்கூடும். உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். தலைமாட்டில் ஒருவர் மண்டியிட்டுத் தலையும் கழுத்தும் அசையாமல் இரு கைகளாலும் பிடித்திருக்கட்டும். வெயில் அடிக்கிறதே என்று அவரை நிழலுக்கு இழுக்க வேண்டாம். ஒரு வேட்டியை நான்கு பேர் விரித்துப் பிடித்தால், 108 வரும்வரை நிழல் அவரிடம் வந்துவிடும்.