மாத்திரை போட்டவருக்கு ஊட்டி வெயில்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிப்பவர்கள் தலைக்குத் துணி கட்டி, முழுக்கைச் சட்டை மாட்டியிருப்பார்கள். புறங்கைதான் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும். ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் வேலைக்குப் போனால், சில மணி நேரத்தில் அந்தப் புறங்கை எரியத் தொடங்கலாம். கொப்புளமும் கிளம்பலாம். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது; பிறகு படியும் கருமைதான் கண்ணில் படும். "மாத்திரை ஒத்துக்கல" என்பார்கள். பாதிதான் சரி.

விழுங்கிய மருந்து ரத்தத்தோடு தோலுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே அதன் மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரை, முக்கியமாக அதில் 'ஏ' வகையை, உறிஞ்சுகின்றன. அந்த ஆற்றல் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாறுகிறது. வீரியம் ஏறிய ஆக்சிஜன் செல்களின் சவ்வையும் புரதத்தையும் சிதைக்கிறது. இது ஒவ்வாமை அல்ல. முதல் தடவை சாப்பிடுபவருக்கும் வரும். மருந்தோ வெயிலோ கூடினால் எரிச்சலும் கூடும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடும் இந்த வேலையைச் செய்யக்கூடியதே. மூட்டுவலிக்குத் தேய்க்கும் கீட்டோபுரோஃபென் ஜெல் விஷயம் வேறு. அதில் நிஜமாகவே ஒவ்வாமை வரலாம். தேய்ப்பதை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு வெயில் பட்டால் திரும்பும்.

மலையில் இதைக் கூடுதலாகக் கவனிக்கக் காரணம் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டரில். ஆனால் குளிர்காற்றில் சூடு உறைப்பதில்லை, அதனால் யாரும் நிழல் தேடுவதில்லை. மெல்லிய மேகம் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. 'ஏ' வகை கண்ணாடியையும் தாண்டும். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்பவர்கள் யோசிக்கலாம்.

மருத்துவர் தேடுவது தடிப்பு இல்லாத இடத்தை. மூக்கு, கன்னம், புறங்கையில் தடிப்பு இருந்து, தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் இல்லையென்றால் வெயில்மீதுதான் சந்தேகம். சிலருக்கு நாள் கழித்து நகம் தோலிலிருந்து விட்டு எழும்பும்.

அதற்காக டாக்ஸிசைக்ளினைப் பாதியில் விடக்கூடாது. உண்ணிக் காய்ச்சல் ஆளையே கொல்லும். கையுறை, தொப்பி போதும். பிரஷர் மாத்திரையையும் கேட்காமல் நிறுத்த வேண்டாம், மாற்று மருந்து இருக்கிறது. வாய், கண், பிறப்புறுப்பில் புண்ணும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு வெயில் தேவையில்லை. வலிப்பு மாத்திரை, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போன்றவற்றால் வரும், தோல் உரியும் ஆபத்தான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாக இருக்கலாம். அப்போது சந்தேகப்படும் மாத்திரையின் அடுத்த வேளையைப் போடாமல், மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.